சரிந்த இடத்தைக் கணக்கு போடும்போது தண்ணீர் எங்கே நின்றது?

குன்னூர், கோத்தகிரி பக்கம் சரிவு ஆய்வு கேட்டு வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே ஒரு போர்ஹோல் (மண்ணைத் துளைத்துப் பார்க்கும் குழி) அறிக்கைதான் இருக்கும். அதுவும் வண்டி போய் நிற்க முடிந்த இடத்தில், சாலையோரத்தில் போட்டதாக இருக்கும். சிக்கலான இடமோ அதற்கு மேலே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே. போதாததற்கு எங்கள் செம்மண்ணுக்குள் உளுத்துப் போகாத சார்னோகைட் பாறை உருண்டைகள் புதைந்து கிடக்கும். துளைக்கும் கம்பி அதில் ஒன்றில் முட்டினால் 'பாறை வந்துவிட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். சற்றுத் தள்ளித் துளைத்தால் இன்னும் சில மீட்டருக்கு வெறும் மண்தான்.

இந்த நிலையில் நான் முதலில் தேடுவது, பக்கத்தில் அதே மண்ணில் ஏற்கெனவே சரிந்த ஓர் இடத்தை. ஆய்வகத்தில் சோதிப்பது கையளவு மண். எடுத்து வருவதற்குள் பாதி குலைந்துவிடும். சரிந்த இடத்தில் மலையே முழு அளவில் சோதனை நடத்தி முடித்திருக்கிறது. சரிந்த கணத்தில் சேஃப்டி ஃபேக்டர், அதாவது மண் தாங்கும் பலத்தைக் கீழே இழுக்கும் விசையால் வகுத்தால் வருவது, 1. அதிலிருந்து பின்னோக்கிப் போனால் மண்ணின் பலம் கிடைக்கும். இதைத்தான் பேக் அனாலிசிஸ் என்கிறோம்.

ஆனால் இதில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவே.

35 டிகிரி சரிவு, மேலே 3 மீட்டர் மண், கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் எடை, உராய்வுக் கோணம் (மண் துகள்கள் உராய்ந்து தாங்குவதன் அளவு) 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். சரிந்தபோது மண்ணுக்குள் தண்ணீரே இல்லை என்று எடுத்தால், ஒட்டுதிறன், அதாவது உராய்வு போக மண் தானாக ஒட்டி நிற்கும் பலம், சுமார் 4.5 கிலோபாஸ்கல் என்று வரும். பாதி ஆழம் வரை தண்ணீர், அது சரிவுக்கு இணையாக ஓடியது என்றால் 10. தரைமட்டம் வரை நின்றது என்றால் 16. தண்ணீர் உராய்வைக் குறைத்துவிடும்; அது அதிகம் என்று எடுத்தால், அதுவரை தாங்கிய மண்ணுக்கு அதிக ஒட்டுதிறன் இருந்ததாகக் கணக்கு காட்டும். மண் அதேதான், சரிவும் அதேதான். தண்ணீரைப் பற்றிய ஊகம் மட்டும் மாறியது, விடை மூன்றரை மடங்கு ஏறிவிட்டது.

புதிய சரிவை ஆராயும்போது தண்ணீர் தரைமட்டம் வரை ஏறும் என்று எடுப்பது பத்திரமான பக்கம். அதே பழக்கத்தில் சரிந்த இடத்துக்கும் தண்ணீரை நிறைத்துப் போட்டால், மண்ணுக்கு இல்லாத பலத்தைத் தந்துவிடுகிறோம். அந்த 16-ஐ எடுத்துக்கொண்டு பக்கத்துச் சரிவில் வடிகால் போட்டுத் தண்ணீரைப் பாதி ஆழத்தில் நிறுத்தினால் சேஃப்டி ஃபேக்டர் 1.23 வரும். வீட்டுக்காரருக்கும் நிம்மதி. உண்மையில் மண்ணிடம் இருந்தது 10 என்றால் அதே சரிவு 0.99-இல் நிற்கிறது. உராய்வுக் கோணத்தை 30-லிருந்து 33 ஆக்கினால்கூட இவ்வளவு பெரிய வித்தியாசம் வராது. அதனால் கோணத்துக்காக ஆய்வகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றது என்று தேடுவதில் நேரம் செலவழிப்பது நல்லது என்பேன்.

மழை அளவு மட்டும் இதற்குப் போதாது. 2009 நவம்பர் 10 அன்று நீலகிரியின் கேத்தியில் 82 செ.மீ. மழை பதிவானது. ஆனால் மழைமானி மேலே விழுந்ததைத்தான் சொல்லும், உள்ளே எவ்வளவு தேங்கியது என்று சொல்லாது. அதைச் சொல்வது இடமும் மனிதர்களும்தான். சரிந்த மண் கூழாக ஓடிப் பரந்து கிடந்ததா, கட்டி கட்டியாகச் செடியோடு உட்கார்ந்ததா? வெட்டின முகத்தில் துருநிறக் கறை எந்த உயரத்தில் தொடங்குகிறது? மழை கொட்டும்போதே விழுந்ததா, வெறித்த பிறகா?

ஒரு சரிவுக்குக் கீழே தேயிலைத் தோட்ட லைன் வீட்டில் இருந்த அம்மாவிடம் இதைத்தான் கேட்டேன். "மழை நின்ன மறுநாளும் அந்த நாவல் மரத்தடியில ஊத்து வந்துட்டே இருந்துச்சு தம்பி, அதுக்கப்புறம்தான் விழுந்துச்சு" என்றார். மரத்தடி சரிவின் அடிவாரத்துக்குச் சற்று மேலே. அதற்கு மேலே ஈரக்கசிவு எங்கும் இல்லை என்று அவரும் பக்கத்து வீட்டாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். தரைமட்டம் வரை நிறைந்தது என்ற ஊகத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

இப்போது அறிக்கையில் ஒற்றை எண்ணை நான் எழுதுவதில்லை. தண்ணீர் இந்த மட்டம் என்றால் இவ்வளவு, அந்த மட்டம் என்றால் இவ்வளவு என்று வரிசையாகத் தருகிறேன். பலத்துக்கு அந்த வரிசையில் குறைந்ததையே எடுக்கிறேன். கூடவே ஒரு வேண்டுகோள்: இரண்டாவது போர்ஹோலுக்கு வைத்திருக்கும் பணத்தில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு ஸ்டாண்ட்பைப் இறக்குங்கள். அடியில் துளையிட்ட பிவிசி குழாய், சுற்றிலும் மணல், மேலே மூடி, அவ்வளவுதான். மழை நாட்களில் காலையும் மாலையும், மழை விட்ட பிறகு மேலும் ஒரு வாரமும், டேப்பை இறக்கித் தண்ணீர் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று வீட்டில் ஒருவர் நோட்டில் குறித்து வைத்தால் போதும். தடுப்புச்சுவர் எவ்வளவு உயரம் என்ற கேள்விக்கு அதற்கப்புறம் பதில் சொல்கிறேன்.