ஓட்டு இல்லாத கோடை

மே 20, 2024

எங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் நேற்று அறிவித்துவிட்டார்கள். ஜூன் 24. பிரசாரத்துக்குச் சட்டப்படி குறைந்தது 36 நாள் தர வேண்டும், எண்ணிப் பார்த்தால் மிகச் சரியாக அந்த 36 தான். கோடை விடுமுறைக்கு ஊர் கலைவதற்குள் முடித்துவிடலாம் என்ற அவசரம் இதில் தெரிகிறது. டொரண்டோவில் எங்கள் செயின்ட் பால்ஸ் 1993-லிருந்து ஆளும் லிபரல் கட்சியின் தொகுதி. 2011-ல் நாடு முழுக்க 34 இடத்தோடு அந்தக் கட்சி நொறுங்கியபோதும் இது நின்றது. கரோலின் பென்னட் 1997-லிருந்து இங்கே அசைக்க முடியாத எம்பியாக இருந்தவர், இப்போது டென்மார்க்குக்குத் தூதர்.

என் குடியுரிமைச் சத்தியப் பிரமாண அழைப்பு மட்டும் வரவில்லை. பரீட்சை எழுதித் தேறியாகிவிட்டது. அந்த ஒரு மின்னஞ்சல் வந்தால் நானும் குடிமகள், ஓட்டும் உண்டு.

மே 28

பாத்தர்ஸ்ட்டிலிருந்து ஃபாரஸ்ட் ஹில் பக்கம் நடந்தேன். வீட்டு வாசல்களில் நீலப் பலகை இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. டான் ஸ்டூவர்ட், கன்சர்வேட்டிவ். அவர் யார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சிவப்புப் பலகை லிபரலின் லெஸ்லி சர்ச், அவரை ஓரளவு தெரிகிறது, நிதியமைச்சர் ஃப்ரீலாண்டின் அலுவலகத் தலைவராக இருந்தவர், வேலை தெரிந்தவர் என்கிறார்கள். ஆனால் கேட்ட யாரும் இந்த இரண்டு பெயரைப் பற்றியும் பேசவில்லை. பிரதமர் ட்ரூடோ போவாரா மாட்டாரா, அது ஒன்றுதான் பேச்சு.

ஜூன் 2

அழைப்பு வரவில்லை.

ஜூன் 5

84 வேட்பாளர்கள்! கனடாவின் மத்தியத் தேர்தல் எதிலும் ஒரே வாக்குச்சீட்டில் இத்தனை பெயர் இருந்ததில்லையாம். பெரும்பாலோர் ஒரே குழு நிறுத்தியவர்கள், தேர்தல் முறையை மாற்றக் கோரும் போராட்டம். தேர்தல் விதிகளை அரசியல்வாதிகள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொள்ளக் கூடாது, குடிமக்கள் சபை எழுத வேண்டும் என்கிறார்கள். 2015 தேர்தல்தான் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிக்கும் பழைய முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் என்று ட்ரூடோ வாக்குக் கொடுத்தார், 2017-ல் கைவிட்டார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கண் மங்கிய ஒரு பாட்டி அந்த நீளச் சீட்டில் தன் ஆளைத் தேட வேண்டுமே என்று எனக்கு மனம் வலிக்கிறது. ஓட்டுப் போடுவதைக் கடினமாக்கி எந்தச் சீர்திருத்தமும் வர வேண்டாம். இவரிடம் சொன்னால், “நீ ஏன் இவ்வளவு டென்ஷன் ஆகிறாய், உனக்குத்தான் ஓட்டே இல்லையே” என்கிறார். அதனால்தான் டென்ஷன்.

ஜூன் 11

சொத்தோ பங்கோ விற்ற லாபத்துக்கான மூலதன ஆதாய வரித் தீர்மானம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தனிநபர் ஆதாயம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் பாதிக்குப் பதில் மூன்றில் இரண்டு பங்குக்கு வரி. நடைமுறைக்கு வரும் நாள் ஜூன் 25. அதாவது இங்கே ஓட்டுப் போட்ட மறுநாள்! டாக்டர்களும் வீடு வைத்திருப்பவர்களும் நிறைந்த தொகுதியில் இந்தத் தேதியை யார் பார்த்து வைத்தார்களோ. வரி எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. தேர்தல் கணக்கில் பெரிய பிசகு.

ஜூன் 15

முன்கூட்டியே ஓட்டுப் போடுவது நேற்றுத் தொடங்கியது. அம்மா போனில் விக்கிரவாண்டி பற்றிச் சொன்னாள், அங்கே ஜூலை 10 இடைத்தேர்தல், அதிமுக புறக்கணிக்கிறதாம். நம் ஊரில் இடைத்தேர்தல் என்றாலே ஆளுங்கட்சிதான் என்று பேசிப் பழகிய எனக்கு, இங்கே அதே இடைத்தேர்தலை ஆளுங்கட்சி தலையில் குட்டும் வாய்ப்பாக மக்கள் எடுத்துக்கொள்வது இன்னும் புதிதாக இருக்கிறது. ஆட்சி மாறாது, ஆனால் சேதி போய்ச் சேரும்.

ஜூன் 17

கொதிக்கிறது. மாடி வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா அந்த வெயிலில் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். சீட்டு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளமாம், மடித்து மடித்துப் போட்டாராம். “வந்த நாள் தொடங்கி சிவப்புக்குத்தான் போட்டனான் தங்கச்சி. இந்த முறை உள்ளுக்குப் போயும் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்.” கடைசியில் எதற்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. அக்காவே யோசித்தார் என்றால் இந்தத் தொகுதியில் எதுவும் நடக்கலாம்.

ஜூன் 21

அறிவியல் மையத்தை இன்று திடீரென்று மூடிவிட்டார்கள், கூரை பாதுகாப்பில்லை என்று. குழந்தைகளோடு எத்தனை குடும்பம் போய் வந்த இடம்! மூடியது மாகாண அரசு, அதுவும் கன்சர்வேட்டிவ். இந்தக் கோபம் திங்கட்கிழமை ஸ்டூவர்ட்டுக்குப் பாதகமாகுமா? மாகாணம் வேறு மத்தி வேறு என்று ஜனங்கள் பிரித்துப் பார்த்துவிடுவார்கள் என்றே நினைக்கிறேன். எக்ளிங்டன் ரயிலும் மாகாண விஷயம்தான், 2011-லிருந்து தோண்டுகிறார்கள், அதன் எரிச்சல் எல்லோர் மேலும் பொதுவாக விழுகிறது.

ஜூன் 23

தூக்கம் வரவில்லை, கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். 2021-ல் பென்னட்டுக்குக் கிட்டத்தட்டப் பாதி ஓட்டு, கன்சர்வேட்டிவுக்குக் கால்வாசி. தேசியக் கருத்துக்கணிப்புகளில் லிபரல் இப்போது இருபது புள்ளி அளவுக்குப் பின்னால் கிடக்கிறது, அதை அப்படியே இங்கே பொருத்தினால் இழுபறி. பென்னட்டின் சொந்தச் செல்வாக்கு இனி இல்லை. காஸா போர் விஷயத்தில் இந்தத் தொகுதியின் யூதக் குடும்பங்கள் பலருக்கு அரசு மேல் வருத்தம், மறுபக்கத்தில் நிற்பவர்களுக்கோ அரசு போதுமான அளவு பேசவில்லை என்ற வருத்தம், இரண்டுமே லிபரல் கணக்கிலிருந்துதான் கழியும். இடதுசாரிக் கட்சியான என்டிபி-யின் அம்ரித் பர்ஹார் எவ்வளவு பிரிப்பார் என்பதில்தான் முடிவு இருக்கிறது. கன்சர்வேட்டிவ் தலைவர் பொய்லியெவை நினைத்துப் பயந்து என்டிபி ஆட்கள் சர்ச்சுக்குப் போட்டால் லிபரல் தப்பும். அதைவிடப் பெரியது வீட்டோடு இருந்துவிடும் லிபரல் வாக்காளர்கள். நீலத்துக்குப் போட மனம் வராது, சிவப்புக்குப் போட ஆசையில்லை, அப்படிப்பட்டவர்கள் என் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். ஆயிரத்துக்குக் குறைவான வித்தியாசம், யார் ஜெயித்தாலும். எழுதி வைக்கிறேன்.

ஜூன் 24

இவர் வேலை முடிந்து நேரே ஓட்டுப் போடப் போனார், நான் வாசல் வரை கூடப் போனேன். இரவு ஐஸ் ஹாக்கி இறுதிச் சுற்றில் எட்மண்டனின் ஏழாவது ஆட்டம், ஃப்ளோரிடாவிடம் 2-1 தோல்வி. வீதியே சோர்ந்து கிடக்கிறது. எண்ணிக்கை நகரவே மாட்டேன் என்கிறது. அந்த நீளச் சீட்டைக் கையால் எண்ண வேண்டுமே. சர்ச் முன்னிலை, ஆனால் மெலிதாக. முன்கூட்டிப் போட்ட ஓட்டுகள் இன்னும் வரவில்லை. அங்கேதான் பயம்.

ஜூன் 25

விடியற்காலை நாலரை மணி வாக்கில் முடிந்தது. ஸ்டூவர்ட். வித்தியாசம் சில நூறு ஓட்டு. டொரண்டோ நகருக்குள் 2011-க்குப் பிறகு மத்தியில் ஒரு நீலத் தொகுதி.

அக்கா படியில் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 29

லிபரல் எம்பி வெய்ன் லாங் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார், ட்ரூடோ விலக வேண்டும் என்று. மற்ற எம்பிக்கள் வாயைத் திறக்கவில்லை. செயின்ட் பால்ஸே போகும் என்றால் தன் தொகுதி என்னவாகும் என்று ஒவ்வொருவரும் உள்ளுக்குள் கணக்குப் போடாமலா இருப்பார்கள்? ஆளை மாற்றினால் போதுமா, கொள்கை மாற வேண்டாமா? வாடகை ஏறியது ஏறியதுதான், அதைப் பற்றி ஒரு கட்சியும் இந்தத் தொகுதியில் உருப்படியாகப் பேசவில்லை.

ஜூலை 9

அழைப்பு வரவில்லை. குடியுரிமை விண்ணப்பக் கணக்கைத் திறந்தால் அதே பச்சைக் குறி, அதே ஒரு வரி.

ஜூலை 16

ஊரே வெள்ளம்.

ஜூலை 29

அடுத்த இடைத்தேர்தல்கள் வந்தாயிற்று, இரண்டும் செப்டம்பர் 16. வின்னிபெக்கில் எல்ம்வுட்-ட்ரான்ஸ்கோனா, என்டிபி-யின் டேனியல் பிளேக்கி விட்டுப்போன இடம், அவர் அப்பாவும் உட்கார்ந்த இடம், 2011-ல் கன்சர்வேட்டிவ் ஒருமுறை பிடித்திருக்கிறது. என்டிபி அதை இழந்தால் அதன் தலைவர் ஜக்மீத் சிங்கின் நிலை கேள்விக்குறி. மாண்ட்ரியலில் லசால்-எமார்-வெர்டன். பால் மார்ட்டின் பிரதமராக இருந்தபோது அவர் தொகுதி லசால்-எமார். அங்கே எம்பியாக இருந்த லிபரல் லமெட்டி 2021-ல் இருபது புள்ளி அளவு வித்தியாசத்தில் ஜெயித்தவர். இந்த முறை கட்சிக்குள் போட்டி வைக்காமல் லாரா பலெஸ்தினியை மேலிருந்தே நிறுத்தியிருக்கிறார்கள், அது உள்ளூரில் கசக்கும். என்டிபி-க்கு க்ரெய்க் சோவே, நகர மன்றத்தில் இருப்பவர், முகம் தெரியும். எல்லோரும் இந்த இருவரையே பார்க்கிறார்கள். எனக்கு ப்ளாக் கெபெக்வா, அதாவது கெபெக்குக்கென்றே உள்ள கட்சி, அதன் மேல்தான் கண். மூன்றாகப் பிரியும் தொகுதியில் முப்பது சதவீதம் போதும், அந்த முப்பது அவர்களுக்கு வரலாம்.