கப்பலேறியவரும் கரையிறங்கியவரும் ஒருவரே

மலேசியாவில் பிறந்து வளர்ந்து, இன்று தாத்தாவின் சீமையான பாளையங்கோட்டையில் குடியிருக்கும் என்னிடம், மலேசியாவிலுள்ள உறவினர்களும் நண்பர்களும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். படிவத்தை எப்படி நிரப்புவது என்பதே பெரும்பாலோரின் கேள்வி. படிவத்தில் சிரமம் ஏதுமில்லை. இணையத்தில் விவரங்களை நிரப்பி, சதுர வடிவப் படத்தையும் கையொப்பத்தையும் ஏற்றி, 275 அமெரிக்க டாலருக்கு நிகரான கட்டணத்தைச் செலுத்தினால் அந்தப் பகுதி முடிந்துவிடும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறியவரும் பினாங்கில் கரையிறங்கியவரும் ஒரே ஆள்தான் என்று காகிதத்தில் நிறுவுவதுதான் உண்மையான வேலை.

சட்டம் இதில் தாராளமாகவே இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளையும் பேரனும் கொள்ளுப்பேரனும் விண்ணப்பிக்கலாம். அந்தத் தகுதிக்கு இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்திருக்க வேண்டியதில்லை; 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வரையறுத்த இந்தியாவில் பிறந்து, வெளிநாட்டில் வாழ்ந்தவராக இருந்தாலே போதும். பிற்பாடு மலாயாக் குடியுரிமை பெற்று அங்கேயே அடக்கமான என் தாத்தாவும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். சில நாட்டினருக்கு இந்த வரம்பு இன்னும் நீட்டப்பட்டிருக்கிறது. மொரீஷியஸ் வம்சாவளியினருக்கு ஏழாம் தலைமுறை வரை நீட்டிப்பதாக 2024இல் அறிவித்தார்கள். ஆனால் தலைமுறை கூடக்கூட இடையில் காட்டவேண்டிய சான்றுகளும் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மலேசியப் பக்கத்துச் சான்றுகள் ஒப்பீட்டளவில் எளிதாகக் கிடைத்தன. அங்கே பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் முழுமையாக இருக்கும். இங்குபோல் தலைப்பெழுத்தாகச் சுருங்கிவிடாது. என் சான்றில் அப்பாவின் பெயரும், அப்பாவின் சான்றில் தாத்தாவின் பெயரும் தெளிவாக இருந்தன. தாத்தாவின் குடியுரிமைச் சான்றிதழில் மட்டும் பிறந்த இடம் தின்னவேலி (திருநெல்வேலிதான்), தென்னிந்தியா என்பதோடு நின்றுவிட்டது. ஊர்ப்பெயர் இல்லை. அவர் பெயரும், எழுதியவர் காதில் விழுந்த ஒலிக்கேற்ப இரண்டெழுத்து மாறியிருந்தது.

தின்னவேலி என்று அன்று எழுதியது இன்று மூன்று மாவட்டங்களைக் குறிக்கும். 1986 அக்டோபர் 20இல் தூத்துக்குடியும், 2019 நவம்பர் 22இல் தென்காசியும் தனி மாவட்டங்களாயின. தாத்தாவின் ஊர் சாயர்புரத்துக்குப் பக்கம். ஆகவே எங்கள் சான்றுகள் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவை. தாத்தாவின் ஊர் இப்போது எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று உறுதி செய்துகொள்ளாமல், திருநெல்வேலி என்ற பெயரை மட்டும் நம்பிக் கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு அனுப்புவதில் பயனில்லை. ஞானஸ்நானப் பதிவுகளை வைத்திருக்கும் திருச்சபையிலும் இதே நிலைதான்: 2003இல், பேராயரின் ஆளுகைப் பகுதியான திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தது.

நான் கோலாலம்பூரில் இருந்துகொண்டு விண்ணப்பித்ததால், ஊரில் அலைந்தவர் சித்தப்பாதான். முதல் தொலைபேசி அழைப்பிலேயே, "எய்யா, ஒங்க தாத்தா பேரு கோயில் பதிவுல இல்லாம எங்க போவும்? நான் ஐயரப் பாத்துக் கேக்கேன்" என்றார். சொன்னபடியே, ஊரில் ஐயர் என்று அழைக்கப்படும் போதகரான சேகரகுருவிடம் அனுமதி பெற்று, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துப் படமெடுத்து அனுப்பினார். ஓரங்கள் பழுப்பேறிய நீளமான தாளில், கட்டங்களுக்குள் பிறந்த தேதி, ஞானஸ்நானம் பெற்ற தேதி, குழந்தையின் பெயர், பெற்றோரின் பெயர்கள், ஊர் எல்லாம் வரிசையாக இருந்தன. தகப்பனார் தொழில் என்ற கட்டத்தில் பனையேற்று என்று எழுதியிருந்தது. தோட்டத்துக் கிராணியாராக (எழுத்தராக) வெள்ளைச் சட்டையோடு மட்டுமே நாங்கள் படத்தில் பார்த்திருந்த தாத்தாவின் தகப்பனார் பனையேறியவர் என்பது எங்கள் வீட்டில் அதுவரை எவருக்கும் தெரியாது. அந்தப் பக்கத்தை அப்பாவுக்குக் காட்டியபோது, கையிலிருந்து கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஆயினும் ஞானஸ்நானச் சான்று, கடல் தாண்டியவரும் இவரும் ஒருவரே என்பதைக் காட்டுவதில்லை. அதைக் காட்டியது ஒரு பாகப் பிரிவினைப் பத்திரம். 1975க்கு முந்தைய பதிவுகளுக்கு இணையத்தில் வில்லங்கச் சான்று கிடைக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத்தான் தேட வேண்டும். அங்கே சொத்துவாரியாக ஓர் அட்டவணையும் பெயர்வாரியாக ஓர் அட்டவணையும் உண்டு. சர்வே எண் தெரியாதவர்கள் பெயர்வாரி அட்டவணையில் தேடச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் பத்திரத்தில், தாத்தாவின் தகப்பன் பெயரும் ஊரும் சொல்லி, அவர் தற்சமயம் மலாய் நாட்டில் பேராக்கில் தோட்டக் கிராணியாக இருந்து வருகிறார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதியிருந்தார் அந்தப் பத்திர எழுத்தர். ஊரையும் கடலுக்கு அப்பாலையும் இணைக்கும் அத்தகைய ஒரு வரி எங்கே இருக்கிறது என்று தேடுவதையே முதல் வேலையாகக் கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். பத்திரம் இல்லாத குடும்பங்களில் பழைய கடவுச்சீட்டோ பள்ளிச் சான்றோ அந்த வேலையைச் செய்யக்கூடும். பெயர் மாற்றத்துக்கு, இரு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று அப்பா சத்தியப் பிரமாணம் செய்து கொடுத்தார். தமிழ்ப் பத்திரத்துக்கும் மலாய்ச் சான்றுகளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு இணைத்தோம். சில வாரங்களில் அட்டை வந்தது.

அட்டை ஆயுட்கால விசாவுக்குச் சமம். எத்தனை காலம் தங்கினாலும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டியதில்லை. ஆனால் அது குடியுரிமை ஆகாது, வாக்குரிமை இல்லை. குடியேறிய புதிதில் வீடு வாடகைக்குப் பேசினாலும், கேஸ் இணைப்புக்குப் போனாலும் ஆதாரைத்தான் கேட்டார்கள். ஓசிஐ அட்டைதாரர், விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதங்களில் 182 நாள்களாவது இந்தியாவில் தங்கியிருந்தால்தான் ஆதாருக்குப் பதிய முடியும். கிடைத்த பின்பும் அது 10 ஆண்டுகளுக்கே செல்லும். அதுவரை மலேசியக் கடவுச்சீட்டையும் ஓசிஐ அட்டையையும் வாடகை ஒப்பந்தத்தையும் காட்டியே காரியங்களை நடத்தினேன். பான் அட்டைக்கு இதற்காகக் காத்திருக்க வேண்டாம்; வெளிநாட்டுக் குடிமக்களுக்கென உள்ள தனிப் படிவத்தில் முதலிலேயே விண்ணப்பிக்கலாம்.

அந்தப் பத்திரத்தில் கண்ட பனங்காட்டில் எங்கள் பங்கு இன்னும் பிரியாமல் கிடக்கிறது. விவசாய நிலத்தை ஓசிஐ அட்டைதாரர் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை. பக்கத்துப் பங்கையும் நீயே எடுத்துக்கொள் என்று சித்தப்பா அன்போடு சொல்லும்போது, முடியாது என்று சொல்ல எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஓசிஐ பதிவுக்குப் பின் ஐந்தாண்டு கழித்து, விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டு இங்கேயே வசித்தவர் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் இடம் தருகிறது. அதற்கு மலேசியக் குடியுரிமையைக் கைவிட வேண்டும். அப்பா அங்கே இருக்கும்வரை அதை நான் செய்வதாக இல்லை.

இப்போது என் தங்கை தன் பிள்ளைகளுக்கு விண்ணப்பிக்கிறாள். பாகப் பிரிவினைப் பத்திரத்துக்கு இன்னொரு சான்றிட்ட நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றும், அவளுடையதும், அப்பாவுடையதும் அதனுடன் சேர்ந்துவிட்டால் கொள்ளுத்தாத்தா வரை தொடர்பு முழுமையாகும்.