குலுக்கலுக்கு எத்தனை கல்?

விடிவதற்கு முன் பினாங்கு தண்ணீர்மலைப் படியில் ஏறி இறங்கும் கூட்டத்தில் கொஞ்ச நேரம் காது கொடுத்தால் போதும். "அண்ணே, கையில எத்தனை கல்லு?" என்ற கேள்வி எப்படியும் வந்துவிடும்.

கல் என்றால் ரன்னிங் ஸ்டோன்; நிஜக் கல்லில்லை, ஓட்டத்தை முடித்தால் நம் கணக்கில் ஏறுவது. பிரான்சின் சாமொனியில் கிளம்பி, இத்தாலி, சுவிட்சர்லாந்து வழியாக ஆல்ப்ஸின் மோன்ட் பிளாங்க் மலையைச் சுற்றிக்கொண்டு சாமொனிக்கே திரும்பும் யு.டி.எம்.பி. மலை ஓட்டத்தின் குலுக்கலில் பெயர் விழ அது வேண்டும். தூரம் சுமார் 170 கிலோமீட்டர், ஏற்றம் 10,000 மீட்டர், கெடு 46 மணி 30 நிமிடம். நம்மூர்க் கணக்கில் சொன்னால், தாவரவியல் பூங்காவிலிருந்து கொடிமலைக்கு ஜீப் பாதை ஐந்து கிலோமீட்டர் சொச்சம், ஏற்றம் ஏறத்தாழ 700 மீட்டர். அதைப் பதினாலு தடவை ஏறி இறங்கினால் ஏற்றக் கணக்கு தீரும். தூரத்தில் அப்போதும் முப்பது கிலோமீட்டருக்குக் கிட்டப் பாக்கி நிற்கும்.

மலைமேல் யாருக்கும் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் நிர்வாகத்தின் மேல்தான்.

2003-இல் எழுநூறு பேருக்கு மேல் கிளம்பி 67 பேர் மட்டும் முடித்த ஓட்டம் இது. 2021-இல் ஐயன்மேன் குழுமத்தோடு கைகோத்து 'உலகத் தொடர்' ஆனது. லங்காவி டிரையத்லானால் நமக்குப் பழக்கமான அதே ஐயன்மேன். அதற்கு முன் தகுதிக்குப் புள்ளி முறை இருந்தது. எந்த நாட்டில் எந்தச் சிறு அமைப்பாளர் நடத்தினாலும், பாதை முறையாக மதிப்பிடப்பட்டிருந்தால் புள்ளி கிடைக்கும். இப்போது, ஓட்டக்காரரின் திறமையை மதிப்பிடும் இன்டெக்ஸ் எண்ணை மட்டும் வெளி ஓட்டங்களில் வாங்கலாம். கல், அந்தத் தொடரின் சொந்த ஓட்டங்களில்தான்.

கல் கொடுக்கும் அளவைப் பாருங்கள். 20கே (20 கிலோமீட்டர் பிரிவு) ஓட்டத்துக்கு ஒன்று, 50கே-க்கு இரண்டு, 100கே-க்கு மூன்று, நூறு மைலுக்கு நான்கு. 'மேஜர்' என்று பெயர் வைத்த ஓட்டங்களில் இரட்டிப்பு. ஒரு கல், குலுக்கலில் ஒரு சீட்டு. அப்படியானால் காலையில் தொடங்கி மதியச் சோற்றுக்கு முன் முடிந்துவிடும் 20கே நான்கும், ராத்தூக்கம் கெட்டு ஓடும் நூறு மைல் ஒன்றும் தராசில் சமம். நான்கு முறை பதிவுக் கட்டணம், நான்கு முறை பயணம். கால் பலத்தைவிடப் பையின் கனம்தான் இங்கே பேசுகிறது.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்திலும் குலுக்கல்தான். சொல்லப்போனால் அங்கே இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிளம்புவோரே 369 பேர்தான். ஆனால் தகுதி ஓட்டத்தை முடித்துவிட்டு இடம் கிடைக்காமல் போனால், அடுத்த முறை சீட்டு 2, பிறகு 4, 8, 16 என்று பெருகும். அங்கே காத்திருப்புக்கு மதிப்பு. நடத்துவதும் லாப நோக்கில்லாத அறக்கட்டளை.

2023-இல் இன்னும் இரண்டு சங்கதி சேர்ந்தன. குப்பை குறையட்டும் என்று ஓட்டக்காரரே 15 சென்டிலிட்டர் குவளை சுமந்து வர வேண்டும் என விதி வைத்திருக்கும் ஓட்டத்துக்கு, கார் கம்பெனியான டாசியா விளம்பரதாரராகப் பெயர் கொடுத்தது. கனடாவின் விஸ்லரில் உள்ளூர்க்காரர் நடத்திவந்த ஓட்டம் நின்றுபோன இடத்தில் யு.டி.எம்.பி. ஓட்டம் அறிவிக்கப்பட்டது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இன்னும் வாதிடுகிறார்கள். அடுத்த ஜனவரியில், நான்கு முறை இதை வென்ற கிலியன் ஜோர்னெட், இன்னொரு ஓட்டக்காரரான ஸாக் மில்லரோடு சேர்ந்து சக வீரர்களுக்கு அனுப்பிய அதிருப்தி மின்னஞ்சல் வெளியே கசிந்தது. ஜெயித்தவருக்கே கசக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் போகத்தான் ஆசை என்றால், கணக்கோடு போகலாம். இந்தத் தொடரின் ஓட்டம் நடந்திருக்கும் தைப்பிங், பினாங்கிலிருந்து கைக்கெட்டும் தூரம்; பட்டர்வொர்த்தில் ஈ.டி.எஸ். ரயில் ஏறினால் போதும். எல்லை தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங்கிலும் நடந்திருக்கிறது. பாதியில் நின்றால் கல் கிடையாது. அதனால் நூறு மைல் அனுபவம் இல்லாதவர் நான்கு கல்லுக்காக அதில் குதிப்பதைவிட, கல் கணக்கில் இரண்டு 50கே முடிப்பது புத்திசாலித்தனம். பெயர் விழாத வருடம் கல் அப்படியே இருக்கும். விழுந்து பதிவு செய்துவிட்டால் சேர்த்ததெல்லாம் பூஜ்யம். ஆகவே விடுப்பும் விமானக் காசும் கையில் இல்லாத வருடம் சும்மா பெயர் போட்டு வைக்காதீர்கள்.

மழைச்சட்டை விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். யு.டி.எம்.பி. விதிப்படி அது தலைமூடியோடு, 10,000 ஷ்மெர்பர் (நீர் தாங்கும் அளவு) நீர்த்தடுப்போடு, தையல் முழுக்க டேப் ஒட்டியதாக இருக்க வேண்டும். ஓட்டத்துக்கென்று வாங்கி, அலமாரியில் மடித்து வைத்து, இரண்டு மூன்று வருடம் கழித்து எடுத்தால் நம் புழுக்கத்தில் உள்பூச்சு பிசுபிசுத்துப் போயிருக்கும். சட்டையை உள்பக்கம் திருப்பி, தோள் தையலில் நகத்தால் லேசாகக் கீறுங்கள். டேப் தூக்கிக்கொண்டு வந்தால் 2,500 மீட்டர் கணவாயில் அது சட்டையில்லை, வடிகட்டி. மடிக்காமல் கொக்கியில் தொங்கவிட்டால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

இதற்கிடையில் அடிபடுவது உள்ளூர் அமைப்பாளர்தான். "கல் உண்டா?" என்பதே முதல் கேள்வியாகிவிட்டால் பதிவு குறையும். ஆனால் வனத்துறை அனுமதி, ஆம்புலன்ஸ், நேரம் குறிக்கும் கருவி, கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வரும் ஸ்வீப்பர், எல்லாவற்றுக்கும் நானூறு பேர் வந்தாலும் நூற்றைம்பது பேர் வந்தாலும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான். கை கடித்தால் முதலில் வெட்டு விழுவது ராத்திரிச் சந்தியில் வழிகாட்ட நிற்கும் ஆள், அதற்கடுத்துத் தண்ணீர் வைக்கும் இடம். எனவே உள்ளூர் ஓட்டத்துக்குப் பதிவு செய்யும்போது கல்லைக் கேட்காமல் இந்த இரண்டையும் கேளுங்கள்: இருட்டில் எத்தனை சந்தியில் ஆள் நிற்கும், இரண்டு தண்ணீர் இடங்களுக்கு நடுவே எத்தனை கிலோமீட்டர்.