எவிட்டாவும் எங்கள் ஊர் பபூனும்

மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் படகு கரையில் கிடக்கும். பாம்பன் வீட்டுத் திண்ணையில் அப்பா வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து 'எவிட்டா' இசை நாடகப் பாட்டுகளை போனில் ஓடவிட்டேன்.

1978இல் லண்டனில் மேடையேறிய நாடகம். அதன் நாயகி அர்ஜென்டினாவின் எவா பெரோன், சின்ன ஊரில் பிறந்து, வானொலி நடிகையாகி, அதிபரின் மனைவியானவர். 1947இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைக்கப் பாடுபட்டார். எதிர்த்து எழுதிய பத்திரிகைகளை அதே ஆட்சிதான் நசுக்கியது. 33 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

என்னை இழுத்தது 'சே' பாத்திரம். ஊரே அவருக்காக அழும்போது, ஓரமாக நின்று கேள்வி கேட்கிறான். எங்கள் திருவிழா நாடகத்துப் பபூனேதான்! தாத்தா அந்த மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர். துருத்தியில் கிழிசலுக்கு அவர் ஒட்டிய நீலத்துணி இன்னும் உரியவில்லை. "ராஜா முன்னாடி உண்மையைச் சொல்லப் பபூனுக்குத்தான் உரிமை" என்பார்.

"இந்தப் பொம்பளை நல்லவளா கெட்டவளா, தாயி?" அப்பா கேட்டார். அந்த நாட்டிலேயே இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள் என்றேன்.

ஊசியைக் கீழே வைத்தார். "சரி, அந்த மாடத்தில நின்னு பாடுற பாட்டை இன்னொரு தடவை போடு."