மாமனாரின் அரை டிகிரி

எச்.எம்.டி. தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற மாமனாருடன் ஒரே வீட்டில் வசிப்பவர் ரேடியோ கட்டுப்பாட்டுப் படகு வாங்குவதில் ஒரு நன்மை உண்டு. வெர்னியர் அளவுகோல், மூலைமட்டம், கோணமானி எதையும் பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகள் வரை சென்று காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அவற்றைத் தொட அனுமதி கிடைக்காது என்பது வேறு விஷயம்.

அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, முக்கால் மீட்டர் நீளமும் ஒற்றை மோட்டாரும் கொண்ட கேட்டமரன் என்ற இரட்டை உடல் படகு. வேகமெடுத்த பிறகு இந்த வகைப் படகு மிதக்கிறது என்று சொல்வதே தவறு. இரண்டு உடல்களின் பின்கோடி மட்டும் நீரைத் தொட்டிருக்க, நடுவிலுள்ள இடைவெளியில் புகும் காற்று முன்பகுதியைத் தாங்கிக்கொள்ள, பாதி நீரிலும் பாதி வெளியிலுமாகச் சுழலும் ப்ரொப்பெல்லர் அதைத் தள்ளிக்கொண்டு போகும். மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால் அதே காற்று படகை மல்லாக்கப் புரட்டிவிடும். அந்த மூக்கின் போக்கைப் பெருமளவு தீர்மானிப்பது, பின்பலகையில் திருகப்பட்டு, ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் கடைசிப் பகுதியை ஏந்தி நிற்கும் ஸ்ட்ரட் என்ற சிறிய அலுமினியத் துண்டு. அதன் வால்முனை கீழே சாய்ந்திருந்தால் உந்துவிசையில் ஒரு பங்கு படகின் பின்பகுதியைத் தூக்கும். மூக்கு தண்ணீரில் அழுந்தி வேகம் குறையும். வால்முனை நிமிர்ந்திருந்தால் பின்பகுதி அழுந்தி மூக்கு எழும். படகு இலேசாகப் பறப்பதுபோல் ஓடி, பிறகு உண்மையிலேயே பறந்துவிடும்.

இதை விளக்கியபோது மாமா கேட்ட முதல் கேள்வி, "எதை வைத்து மாப்பிள்ளை சாய்வு என்று சொல்கிறீர்கள்? டேட்டம் எது?" என்பதுதான். இரண்டு உடல்களும் நீரைத் தொடும் அடிப்பரப்பே டேட்டம், அதாவது எல்லா அளவுக்கும் ஆதாரமான பரப்பு, என்று முடிவாயிற்று. அந்த நிமிடமே எங்கள் சாப்பாட்டு மேசையின் கண்ணாடி, சர்ஃபேஸ் பிளேட் என்ற அளவெடுக்கும் சமதளமாகப் பதவி உயர்வு பெற்றது. ஸ்ட்ரட்டும் ப்ரொப்பெல்லரும் அடிப்பரப்பைவிடத் தாழ்ந்து நிற்பதால் படகைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டியிருந்தது. ஒரே அளவான இரண்டு டிபன் டப்பாக்களை நான் எடுத்து வந்தேன். அவற்றை அவர் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. உள்ளே சென்று, எண்ணெய்த் துணியில் சுற்றிய துல்லியமாக ஒரே உயரம் கொண்ட ஒரு ஜோடி பாரலல் பிளாக்குகளைக் கொண்டுவந்து, கண்ணாடியைத் துடைத்து, தன் கையாலேயே படகை அமர்த்தினார்.

இட்லித் தட்டுடன் நின்றிருந்த என் மனைவி, "தண்ணீரில் அலை அடிக்குமே அப்பா, இப்படி அரை டிகிரி வரை பார்த்து அளப்பது அங்கே என்ன ஆகும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். அலையில் படகு எப்படி ஆடினாலும் உடலுக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள கோணம் மாறாது என்று அவர் பொறுமையாக விளக்கிவிட்டு, தட்டை சோபாவில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மாமாவை உண்மையில் மகிழ்வித்தது வேறொன்று. ஸ்ட்ரட் முன்புறத் திருகை மையமாகக் கொண்டு திரும்புகிறது. எங்கள் படகில் அங்கிருந்து ப்ரொப்பெல்லர் சுமார் 60 மில்லிமீட்டர் தள்ளி இருப்பதால், ஒரு டிகிரி திருப்பினால் அது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஏறவோ இறங்கவோ செய்யும். ஆகவே கோணத்தை மட்டும் மாற்றியதாகச் சொல்பவர், அறியாமலே ஆழத்தையும் மாற்றியிருக்கிறார். உயரத்தை மீண்டும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால்தான் எந்த மாற்றம் எதைச் செய்தது என்று தெரியும். ஷாஃப்ட்டின் மையம் அடிப்பரப்புக்கு நேராகவும், கோணம் பூஜ்யமாகவும் அமையும்வரை எங்கள் வீட்டில் எவரும் மேசையில் சாப்பிடவில்லை. சுமையேறும்போது, மோட்டாரின் சுழற்சியைப் ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுசெல்லும் வளையும் கம்பியான ஃப்ளெக்ஸ் கேபிள் முறுக்கிக்கொண்டு சிறிது சுருங்கும் என்பதால், ஸ்ட்ரட்டுக்கும் ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுழற்றும் டிரைவ் டாக் என்ற துண்டுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் டிரில் பிட்டைச் செருகிப் பார்த்து இடைவெளியும் விடப்பட்டது.

அல்சூர் ஏரி நடக்கும் தூரத்தில் இருந்தாலும், சுற்றுலாப் படகுகளுக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே இதை ஓட்ட மனம் துணியவில்லை. ஆனேக்கல் பக்கம் நண்பரின் தோட்டத்தில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பெரிய கிருஷி ஹொண்டா, அதாவது பண்ணைக்குட்டை, ஒன்று இருந்தது. பூஜ்ய டிகிரியில் படகு ஒழுங்காக ஓடியது, சற்று மந்தம்தான். மாமா இளநீர் குடிக்கப் போன இடைவெளியில், உடன் வந்திருந்த என் மச்சினன், திருகைத் தளர்த்தும் ஆலன் கீயை எடுத்து, "கொஞ்சம் தூக்கினால் பிய்த்துக்கொண்டு போகும் அத்தான்" என்று வால்முனையை உயர்த்தினான். பிய்த்துக்கொண்டுதான் போனது. குட்டையின் நடுவில் அது மல்லாந்து கிடந்தபோது திரும்பி வந்த மாமா, படகை எப்படி மீட்பது என்று கேட்கவில்லை. "வாலை யார் தூக்கியது?" என்றார். மச்சினன் தென்னை மரத்தின் உச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

விரிப்பு வழுக்கும் என்பதால் யாரும் இறங்க முடியாது. தோட்டக்காரர் ஒரு கரையிலும் மச்சினன் எதிர்க்கரையிலும் கயிற்றின் முனைகளைப் பிடித்து நடக்க, படகு கயிற்றில் தட்டி மெல்ல ஒதுங்கியது.

மறுநாள் மேசை மீண்டும் பறிபோனது. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்றும், கடலோர ஊர்களில் படகின் முன்பகுதிக்குக் கிடைக்கும் தாங்கல் அதே வேகத்தில் இங்கே கிடைக்காது என்றும், எனவே வால்முனையைச் சற்று உயர்த்துவதே முறை என்றும் மாமா அறிவித்தார். உயரத்தைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, அரை டிகிரி மட்டும் தூக்கி, பேட்டரியை ஒரு சென்டிமீட்டர் முன்னே நகர்த்தினார். "நானும் இதைத்தானே செய்தேன்!" என்று மச்சினன் கொதித்தான். "நீ தூக்கினாய். நான் அளந்து தூக்கியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவர் கோணமானியைப் பெட்டியில் வைத்தார்.

அடுத்த முறை குட்டையில் படகு குதிக்கவில்லை, புரளவில்லை. பின்னால் நீர்த்தோகை எழும்ப, மூக்கை நீருக்குச் சற்று மேலே பிடித்தபடி கோடு போட்டாற்போல் ஓடியது. தோட்டக்காரருக்கு மிகவும் பிடித்துவிட்டது. குட்டையில் வளரும் கட்லா மீன்களுக்கு இதன்மேல் தீவனத்தை வைத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். நானும் மச்சினனும் சிரித்தோம். மாமா சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, தீவனம் எத்தனை கிராம், பின்பலகையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வைக்கப்படும் என்று அவரிடம் விசாரிக்கத் தொடங்கினார்.