டோசிடாக்செல்லும் நிற்காத கண்ணீரும்: வீணாய்ப்போன 3 வாரம்

அம்மாவுக்கு வாராவாரம் டோசிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றும்போது கண்ணில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. பக்கத்துக் கண் கிளினிக்கில் 'டிரை ஐ' (கண் உலர்வு) என்று சொட்டு மருந்து எழுதினார்கள். 3 வாரம் அதிலேயே போயிற்று. எங்கள் தப்பும் உண்டு. "கீமோ நடக்குது" என்றோமே தவிர, மருந்தின் பெயரைச் சொல்லவில்லை.

பெயர்தான் முக்கியம். டோசிடாக்செல் கண்ணீரிலும் கலந்து வரும். இமையின் மூக்கோர முனையில், மேலும் கீழும் ஊசிமுனை அளவில் ஒவ்வொரு துளை இருக்கிறது. அங்கிருந்து மூக்குக்குள் கண்ணீர் இறங்கும் பாதை தழும்பேறிச் சுருங்குகிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடுவதைவிட வாராவாரம் போடும்போது இது அதிகம். 5-எஃப்யூ என்ற இன்னொரு கீமோ மருந்திலும் வரும். கண் உலர்ந்து உறுத்தினாலும் தண்ணீர் வரும் என்பதால்தான் குழப்பமே. ஆகவே "அடைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பார்க்க வேண்டியது ஆக்குலோபிளாஸ்டி டாக்டரை, அதாவது இமைக்கும் கண்ணீர்ப் பாதைக்கும் ஆபரேஷன் செய்யும் கண் டாக்டரை.

அங்கே முனை மழுங்கிய மெல்லிய ஊசியைத் துளைக்குள் விட்டு உப்புத்தண்ணீர் செலுத்தினார்கள். வலது கண்ணில் விட்டதும் "தொண்டை கரிக்குது" என்றார் அம்மா. அப்படியானால் வழி திறந்திருக்கிறது. இடது கண்ணில் பாதித் தண்ணீர் விட்ட துளை வழியாகவே திரும்பி வந்துவிட்டது. கரிப்பு லேசாகத்தான் தெரிந்தது. பாதை சுருங்க ஆரம்பித்துவிட்டது, இன்னும் மூடவில்லை. இந்தக் கட்டத்தில் சிலிக்கான் குழாய் வைத்தால் பாதையைக் காப்பாற்றலாம். முழுதாக மூடிவிட்டால் எலும்பில் வழி செய்து கண்ணாடிக் குழாய் பதிக்கும் பெரிய ஆபரேஷன்தான். அதனால்தான் அந்த 3 வாரம் இன்னும் உறுத்துகிறது.

குழாய் வைக்கப் போன அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். புதிதாக எடுத்த ரத்த அணு எண்ணிக்கை ரிப்போர்ட் இல்லை, புற்றுநோய் டாக்டரின் சம்மதக் கடிதமும் இல்லை. வெள்ளை அணுவும், ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டும் குறைந்திருக்கும்போது கை வைக்க மாட்டார்கள். ரிப்போர்ட், கடிதம் இரண்டையும் கீமோ சார்ட்டோடு ஒரே ஃபைலில் வையுங்கள். மறுமுறை போனபோது சீக்கிரமே முடிந்தது.

செயற்கைக் கண்ணீர் சொட்டு, பதப்படுத்தும் மருந்து கலக்காத சிறு குப்பியாக இருக்கட்டும். ஸ்டீராய்டு சொட்டு சிலருக்கு உதவும், ஆனால் கண் அழுத்தத்தை ஏற்றும். அதை மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். வழியும் தண்ணீரைத் தேய்க்காமல் சுத்தமான டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். கன்னத்தோல் வெடித்தால் கொஞ்சம் வாசலின் போதும். சீழ், வலி, பார்வை மங்கல், 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. தண்ணீர் வழிகிறதே என்று நீங்களாகக் கீமோவை நிறுத்திவிடவும் கூடாது.

குழாய் கீமோ முடிந்தபின்பும் சில வாரம் உள்ளேயே இருக்கும். கண்ணோரத்தில் அதன் வளையம் நூல் மாதிரி தெரியும். தூக்கத்தில் தேய்த்து அது வெளியே நீண்டுவிட்டால் இழுக்கக் கூடாது, வெட்டக் கூடாது. மூக்கோரமாக டேப்பால் ஒட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.