கிலோ என்ன விலை?

பேங்க்காரன் ரீல் வைத்த தூண்டில் வாங்கியிருக்கிறான். அந்தக் காசுக்கு ஆறு மாசம் உட்கார்ந்து வஞ்சிரம் தின்னலாம். வாங்கியதைச் சும்மா வைத்திருப்பானா? ஞாயிற்றுக்கிழமை பூசையை விட்டுட்டுக் கடலுக்கு வரமாட்டேன் என்று வள்ளக்கார அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டதால், ரெண்டாம் சனிக்கிழமை விடியுமுன்னே தூத்துக்குடியிலிருந்து கிளம்பினோம்.

தீவுப் பக்கம் மூச்சுவிடப்படாது என்றார் அண்ணாச்சி. மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலை நனைத்தால் வனத்துறைக்குப் பதில் சொல்லணும். அதனால் வெளிப் பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, விட்டார். கரையில் அனல் மின் நிலையப் புகைபோக்கியையும் இன்னொரு கோபுரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பேங்க்காரன் போனில் ஜிபிஎஸ்ஸைத் திறக்குமுன், "இந்தா, இதான் பாரு. 12 பாகம் ஆழம்" என்று நங்கூரம் போட்டாச்சு.

வள்ளம் ஓடும்வரை எல்லாரும் வீரர்கள்தான். நின்று ஆட ஆரம்பித்ததும் என் மச்சினன், ராத்திரி தின்ற எண்ணெய்ப் புரோட்டாவைக் கடல் மாதாவுக்குக் காணிக்கை செலுத்தத் தொடங்கினான். எலுமிச்சம்பழம், அவோமின் மாத்திரை, எதுவும் கேட்கவில்லை. அவன் பக்கம்தான் மீன் மேய்ந்தது என்பதையும் சொல்லணும்.

பாரில் ராஜ்ஜியம் கிளாத்தி மீனுக்கு. கணவாய்த் துண்டைக் கோர்த்து இறக்கினால் இழுப்பே தெரியாது. ஈயக்குண்டு தரை தட்டும், விரலில் தங்கூசி நரம்பு லேசாக ஒரு துடி துடிக்கும். தூக்கினால் இரை போய், கழுவித் துடைத்த தூண்டில் முள். எங்கள் தெருச் சங்கத்துச் சந்தா வசூல்கூட இவ்வளவு சுத்தமாக நடக்காது.

திடீரென்று பேங்க்காரன் எழுந்து நின்று, "சுறாலே, சுறா!" என்று கத்தினான். கம்பு வளைகிறது, ரீல் கதறுகிறது. அண்ணாச்சி தலையைத் திருப்பவே இல்லை. "பாரு மாட்டிருக்கு தம்பி. அறுத்து விடுங்க. அதத் தூக்கிட்டா ஊருக்கு மீன் இருக்காது."

எனக்கு, அண்ணாச்சி கொடுத்த வெறும் தங்கூசியில், கலவா மீன் ஏறியது. மூணு கிலோ இருக்கும். மேலே வரவர உள்காற்று உப்பி, வயிறே வாய் வழியாகப் பிதுங்கி நின்றது. தங்கூசி அறுத்த விரல் இப்போதும் எரிகிறது.

வீட்டில் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"கிலோ என்ன விலை?"

"நானே பிடிச்சதும்மா."

"சரி, கிலோ என்ன விலை?"

விரலைக் காட்டினேன். கட்டைப்பை தூக்கின தடமாம். சாட்சிக்கு மச்சினனைக் கூப்பிட்டால் அவன் கண் திறக்கிற நிலையில் இல்லை. போட்டோ காட்டலாமென்றால், பேங்க்காரன் அனுப்பிய படத்தில் எல்லாம் கலவா அவன் கையில் இருக்கிறது. வீட்டுக்காரி அம்மா கட்சி. இந்த ரெண்டு பேருக்குள் கூட்டணி அமைவது என்னை எதிர்க்கும்போது மட்டும்தான்.

சரி, குழம்பாவது கொதிக்கட்டும் என்று, "500" என்று சொல்லித் தொலைத்தேன்.

"நல்லா ஒன் தலையில மொளகா அரைச்சிருக்கான். எந்தக் கடைன்னு சொல்லு, காலையில நான் போயிக் கேக்கேன்."